மீன்பெட்டிக் காற்று

மே 2

இன்று மதியம் லேண்டிங் சரியாக அமையவில்லை. காரணம் வெயில்தான்.

வெயிலைப் பற்றி எழுத வேண்டுமென்றால் எங்கள் விமானத்தைப் பற்றி எழுத வேண்டும். இரண்டே இருக்கை. கற்றுக்கொள்பவர் இடப்பக்கம், கற்றுக்கொடுப்பவர் வலப்பக்கம். தோளோடு தோள் இடிக்கும். சுற்றிலும் கண்ணாடி. ஏசி கிடையாது. மேலே ஏறிவிட்டால் காற்று வரும், குளிரும். தரையில் நிற்கும்போதுதான் கொடுமை. இந்தக் கரிசல்மேட்டு ஓடுபாதை ஓரத்தில் நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. சீட் பெல்ட்டின் கொக்கி கையில் பட்டால் சிவந்துவிடுகிறது. பயிற்சிப் பள்ளியில் இருக்கும் மற்ற விமானங்கள் இறங்கி முடிக்கும்வரை, ஓடுபாதை முனையில் அரை மணி நேரம்கூட அதற்குள் வெந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் மேலே போனோம், ஒரு சுற்று சுற்றினோம், இறங்க வந்தோம். ஓடுபாதை எழுந்து என் முகத்துக்கு நேரே வந்தது. பிறகு நடந்தது எனக்குத் தெளிவாக ஞாபகம் இல்லை. பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கேப்டன் சுதீந்திரன் "கையை எடு" என்று கத்தினாராம். நான் கட்டுப்பாட்டுப் பிடியை விடவில்லையாம். என் கையைத் தட்டிவிட்டுத்தான் அவர் விமானத்தை மறுபடி மேலே தூக்கியிருக்கிறார்.

இறங்கியதும் கேட்டார். "என்ன ஆச்சு மிருதுளா?"

"சூடு சார். கண்ணு இருட்டிடுச்சு."

உடனே நம்பிவிட்டார். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை அவரே கொண்டுவந்து குடிக்க வைத்தார். "தப்பு என் மேல. அந்த அடுப்புக்குள்ள அவ்ளோ நேரம் உன்னை உட்கார வெச்சிருக்கக் கூடாது. முதல்ல கேபினை ஆறவைக்க ஒரு வழி பண்ணுவோம். அப்புறம் உன் சோலோ."

இந்த வாரம் நான் முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டியிருந்தது. அது தள்ளிப்போய்விட்டது. பரவாயில்லை என்றேன். அறைக்கு வந்ததும் நன்றாகத் தூக்கம் வந்தது. பல நாள் கழித்து.

மே 3

என்னோடு சேர்ந்தவன் ரெக்ஸன். தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக்காரன். எதையாவது பிரித்துப் போட்டு ஒட்டிக்கொண்டே இருப்பான். கேபினை ஆறவைக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டான்.

"எங்கூர்ல வெயிலுக்குள்ள மீனையே கெடாம வச்சிருக்கோம். உன்ன வச்சிருக்க மாட்டமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காலையில் இருந்து வெள்ளித்தாள் ஒட்டிய நுரை விரிப்பைக் கண்ணாடிகளின் அளவுக்கு வெட்டினோம். உள்பக்கமிருந்து செருகினால் வெயில் திரும்பிப் போய்விடும். எஞ்சின் மூடியின் மேல் ஈரவேட்டி. விமானத்தின் வாலைச் சூரியன் பக்கம் திருப்பி நிறுத்துவது. காற்று வரும் பக்கத்துக் கதவைக் கட்டை கொடுத்துத் திறந்து வைப்பது. மெக்கானிக் சங்கரலிங்கம் அண்ணன் வேட்டி தன்னுடையது என்பதால் அடிக்கடி வந்து பார்த்துக்கொண்டார்.

வெட்டுகிற வேலை எனக்குப் பிடித்திருந்தது. கத்திரிக்கோல் நன்றாக ஓடியது. நாள் முழுக்க விமானத்தின் பக்கத்திலேயே இருந்தேன், ஒரு முறைகூடப் பறக்கவில்லை.

மே 5

விரிப்பு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பறக்கப் போகும்போது கழற்றித்தானே ஆக வேண்டும்? கழற்றிய சில நிமிடங்களில் பழையபடி கொதிக்கிறது. இதைக் கேப்டனிடம் நான்தான் எடுத்துச் சொன்னேன்.

"அப்போ காலைல ஆறு மணி ஸ்லாட் எடுத்துக்கோயேன். குளுகுளுன்னு இருக்கும்" என்றார்.

அதை ரெக்ஸனுக்கு விட்டுக்கொடுத்தேன். அவனுக்குத்தான் பறந்த நேரம் குறைவு. எனக்கு எப்படியும் நேரம் இருக்கிறது. மெஸ்ஸில் இதைப் பற்றி எல்லோரும் நல்லவிதமாகப் பேசினார்கள்.

மே 6

வெயில்.

மே 7

அம்மா கோபியிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏங்கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்மா."

"இன்னைக்குப் பறந்தியா?"

"பறந்தேன்."

"தனியாவா?"

"இன்னும் இல்லம்மா. இங்க வெயில் ரொம்ப. கொஞ்சம் தணியட்டும்னு சொல்லியிருக்காங்க."

"அதுவுஞ் சரிதானுங்கண்ணு. பத்திரம்."

சட்டை துவைத்தேன். தோள்பட்டையில் கேப்டன் ஒட்டிக் கொடுத்த பட்டை கழன்று வருகிறது, தைக்க வேண்டும்.

மே 9

ரெக்ஸன் ஊருக்குப் போய் பஸ்ஸில் ஒரு தெர்மோகோல் மீன்பெட்டியோடு வந்து இறங்கினான். பக்கத்தில் யாரும் உட்காரவில்லையாம், இரண்டு சீட்டையும் தானே எடுத்துக்கொண்டு தூங்கியபடி வந்தேன் என்றான். அவனுக்குச் சளி பிடித்திருக்கிறது. அதனால் அவனுக்கு நாற்றம் தெரியவில்லை.

மூடியில் இரண்டு ஓட்டை போட்டான். ஒன்றில் சின்ன பேட்டரி மின்விசிறி, காற்று உள்ளே போக. இன்னொன்றில் வளைந்த பிளாஸ்டிக் குழாய், காற்று வெளியே வர. பெட்டிக்குள் தண்ணீர் ஊற்றி உறையவைத்த பாட்டில்கள் இரண்டு வரிசை, இடுக்குகளில் உடைத்த ஐஸ். சூடான காற்று பாட்டில்களுக்கு நடுவே புகுந்து வரும்போது ஆறிவிடும். அவ்வளவுதான் சூத்திரம். இருக்கைகளுக்குப் பின்னால் பெட்டியை வைத்துப் பட்டையால் கட்டினான். ஓடுபாதை முனையில் காத்திருந்து முடிந்ததும் சங்கரலிங்கம் அண்ணன் கதவு வழியாகப் பெட்டியை வெளியே வாங்கிக்கொள்வார், அதற்குப் பிறகு பறந்துவிடலாம்.

"முதல்ல நீ உக்காரு. உனக்குத்தான செஞ்சது" என்றான்.

உட்கார்ந்தேன். குழாயிலிருந்து காற்று கழுத்தில் பட்டது. நெத்திலிக் கருவாடு வாடையோடு, ஆனால் சத்தியமாகக் குளிர்ந்த காற்று. வெளியே தார் உருகிக்கொண்டிருந்தது. எனக்குக் கையில் மயிர்க்கால் எழுந்து நின்றது.

"எப்டி இருக்கு? சொல்லு."

"நல்லா இருக்கு."

"நல்லாருக்குல்லா! அப்போ நாளைக்கே கெளம்பிரலாம்லா!"

அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த வாடையில் தலை வலிக்கும் போலிருக்கிறது என்றேன். சாயங்காலம் முழுக்க அந்தப் பெட்டியை வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

மே 11

பெட்டியில் இப்போது வாடை இல்லை.

மே 12

கேப்டன் பெட்டியைப் பார்த்தார். அவருக்கும் பிடித்துவிட்டது. "நாளைக்கு மதியம் ஒரு டெஸ்ட் பண்ணுவோம். கதவு மூடி, ரன்வே முனைல நிக்கிற மாதிரியே அரை மணி நேரம். அது தாங்கிட்டா மிருதுளா, நாளை மறுநாள் நீ சோலோ. இனிமே சூடுன்னு சொல்ல உனக்கு வழியே இல்ல" என்று சிரித்தார்.

உள்ளே ரெக்ஸன் உட்காருவான். நான் வெளியே நின்று அடிக்கடி கதவைத் தட்டி விசாரிக்க வேண்டும். பாட்டில்களை மெஸ் ஃப்ரீசரில் வைத்து உறையவைத்து, நாளை பெட்டியில் அடுக்குவதும் என் பொறுப்பு.

இருபது பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டேன். சாப்பிடவில்லை. மெஸ்ஸில் புளிக்குழம்பு.

மே 13

ரெக்ஸன் கேபினுக்குள் மயங்கிவிட்டான். மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஐஸ் நினைத்ததைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது.

மே 14

நேற்று நடந்ததை எழுதிவைக்கிறேன். யாராவது கேட்டால் சொல்லத் தோதாக இருக்கும்.

காலையில் ரெக்ஸன் இரண்டு முறை பறந்தான். பிறகு தாரில் மண்டியிட்டு உட்கார்ந்து பெட்டியைக் கட்டினான். சளிக்கு மாத்திரை போட்டிருந்தான். தண்ணீர் குடித்தானா என்று எனக்குத் தெரியாது. மதியம் கேப்டன் இன்னொரு பையனோடு மேலே போயிருந்தார். ரெக்ஸன் உள்ளே ஏறிக் கதவை மூடிக்கொண்டான். எல்லாக் கண்ணாடியிலும் வெள்ளித்தாள் விரிப்பு இருந்ததால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. நான் இறக்கையின் நிழலில் நின்றேன்.

முதல் முறை தட்டினேன். "ஊட்டி!" என்று கத்தினான். இரண்டாம் முறை தட்டினேன். "சூப்பரா இருக்கு!" மூன்றாம் முறை, "லேசா சூடாவுது. பரவால்ல, எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாத்துருவோம்" என்றான்.

அப்புறம் சங்கரலிங்கம் அண்ணன் வந்தார். "உள்ள யாரு தாயி? சத்தத்தையே காணோம்" என்று கதவைத் திறந்தார். ரெக்ஸன் பக்கவாட்டில் சரிந்திருந்தான். தோல் காய்ந்து, தொட்டால் சுட்டது. கண் திறந்திருந்தது. ஏதோ உளறினான், அவன் அம்மாவோடு பேசுகிற மாதிரி. அவனை இழுத்து நிழலில் போட்டு, எல்லோரும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஆம்புலன்ஸ் வந்தது.

கேப்டன் இறங்கி வந்ததும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பெட்டியில பாட்டில் எல்லாம் சரியா வெச்சியா?"

"வெச்சேன் சார்."

"அடிக்கடி தட்டினியா?"

"தட்டினேன் சார்."

மே 15

மெஸ் மாஸ்டர் கூப்பிட்டார். "ஃப்ரீசர்ல பத்து பாட்டிலு கெடக்கு தாயி. யாரோடது? மீன் வைக்க இடம் இல்ல."

எடுத்துக்கொண்டு வந்தேன். குளியலறைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் வரிசையாக வைத்தேன். உருகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். நசுக்கிய பாட்டில்களைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

மே 17

கேப்டனோடு மதுரைக்குப் போனேன். போகாமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ரெக்ஸனை நேற்றுதான் ஐசியூவிலிருந்து வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். சிறுநீரகம் பாதித்திருக்கிறது. சரியாகிவிடும் என்கிறார்கள், ஆனால் எப்போது என்று சொல்லவில்லை. உதடெல்லாம் வெடித்திருந்தது. கையில் ஊசி. ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் களைத்துப்போகிறான்.

அவன் பேசியதெல்லாம் பெட்டியைப் பற்றித்தான்.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியல மிருதுளா. ஊர்ல இதே பெட்டில ஐஸ் ஒரு நாள் முழுக்க நிக்கும். மூடி சரியா ஒட்டலயோ? ஃபேன் வேகம் சாஸ்தியோ?" மூச்சு வாங்கினான். "நீ உள்ள இருக்கும்போது இப்டி ஆயிருந்தா? என் கிறுக்குத்தனத்துக்கு உன்னப் பலி குடுத்திருப்பேன். மன்னிச்சிரு."

மன்னிச்சிரு என்றான். என்னிடம்.

"அத விடு. தூங்கு" என்றேன்.

அவன் அம்மா பிலோமினாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவரை வந்தார்கள். கருத்த, உயரமான பெண். நான்கு நாளாக ஒரே சேலை. "நீ பக்கத்துல நின்னதுனாலதான பிள்ள எம் மவன் பொழச்சான்? மாதா உன்ன நல்லா வச்சிருப்பா" என்று என் நெற்றியில் சிலுவை போட்டார்கள்.

வரும் வழியில் காரை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தேன். "வெயில்" என்று கேப்டன் ஜன்னலை ஏற்றிவிட்டு ஏசியைக் கூட்டினார்.

மே 18

இந்த டைரியில்கூடப் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரும் படிக்கப்போவதில்லை. அப்படியும்.

ஐஸ் சீக்கிரம் தீரவில்லை. பாதிதான் இருந்தது. உறைந்ததில் பத்தை ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டு, கீழ் வரிசைக்கு வேறு பத்து உறையாத பாட்டில்களை வைத்தேன். குழாயில் புதிதாகப் பிடித்த தண்ணீர். மேல் வரிசையில் மட்டும் உறைந்தவை, அதன்மேல் உடைத்த ஐஸ். ரெக்ஸன் மூடியைத் திறந்து ஒரு தடவை பார்த்தான், கட்டைவிரலை உயர்த்திவிட்டு மூடினான்.

டெஸ்ட் தோற்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். சூடாகிவிட்டது என்று சலித்துக்கொண்டு அவன் வெளியே வருவான், என் சோலோ இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

ஆனால் நான்காம் முறை நான் தட்டவில்லை. அதுதான் விஷயம். லேசாகச் சூடாகிறது என்று அவன் சொன்னபோது மேல் வரிசை இன்னும் முழுதாக உருகியிருக்காது. அப்போது வெளியே வந்தால் பெட்டியைத் திறந்து பார்ப்பான். மேலே ஐஸ்கட்டியும் கீழே வெறும் தண்ணீரும் இருந்தால் கண்டுபிடித்துவிடுவான். இன்னும் கொஞ்சம் போகட்டும், எல்லாப் பாட்டிலும் ஒரே மாதிரி தண்ணீராகட்டும் என்று காத்திருந்தேன். உள்ளே ஏதோ தட்டியது போல ஒரு சத்தம் கேட்டது. அவன் கால் இடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இறக்கையின் நிழலில் நின்று என் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வெயிலெல்லாம் ஒன்றும் செய்யாது. நான் கோபிக்காரி. சித்திரை வெயிலில் மஞ்சள் காயப்போட்ட களத்தில் ஓடித் திரிந்தவள்.

ஓடுபாதை எழுந்து வருவதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. போன மாதத்திலிருந்து. முதலில் லேசாக இருந்தது, இப்போது கை இறுகிவிடுகிறது.

மே 20

பள்ளியில் விசாரணை. நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அனுமதி இல்லாத கருவியை விமானத்துக்குள் வைக்கவிட்டதற்காகக் கேப்டனை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். அவர் எதையும் மறுக்கவில்லையாம். "பொறுப்பு என்னுடையது" என்றாராம்.

ரெக்ஸன் இனி மெடிக்கல் தேர்வில் மறுபடி தேற வேண்டும். சிறுநீரகம் பழையபடி ஆகாவிட்டால் பறக்கவே முடியாது. சங்கரலிங்கம் அண்ணன் இதைச் சொல்லிக்கொண்டே பெட்டியைத் தூக்கிப்போய்க் கொட்டகைக்குப் பின்னால் போட்டார்.

மே 21

கேப்டன் தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் நின்றேன். உள்ளே வா என்றார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

சொன்னேன். பாட்டில். நான்காம் முறை தட்டாதது. எல்லாம்.

கையில் வைத்திருந்த சட்டையை மடித்து முடித்தார். பெட்டியில் வைத்தார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு லேண்டிங்ல என்ன நடந்துச்சு?"

"பயம் சார்."

"கண்ணு இருட்டல?"

"இல்ல சார். நல்லாத் தெரிஞ்சுது. கைதான் வரல."

"பயம்னு அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? ஒண்ணு, கூட உக்காந்து சரி பண்ணியிருப்பேன். இல்லையா, இது உனக்கு வேணாம்னு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ரெண்டுல எதுலயும் யார் உயிருக்கும் ஆபத்து வந்திருக்காதே மிருதுளா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெக்கமா இருந்துச்சு சார்."

"இப்போ?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நான் நிர்வாகத்துக்குச் சொல்லித்தான் ஆகணும். அதுக்கு முன்னாடி நீ ரெக்ஸன்கிட்ட போய்ச் சொல்லு. வேற யார் வாயிலேர்ந்தும் அவன் இதைக் கேக்கக் கூடாது. போ."

மே 22

மதுரை பஸ்ஸில் ஏறி, விருதுநகரில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

மே 23

இன்று போனேன்.

ரெக்ஸன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அவன் அம்மா ஃப்ளாஸ்கிலிருந்து கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும், "வெயில்ல வந்திருக்க, நீயும் ஒரு வாய் குடி பிள்ள" என்று இன்னொரு டம்ளரை எடுத்து ஊற்றினார்கள்.

"பெட்டியில ஒரு தப்பும் இல்ல ரெக்ஸன்" என்றேன்.

"அப்போ?"

"கீழ் வரிசை பாட்டில் உறையாதது. நான்தான் வெச்சேன். தெரிஞ்சே."

அவன் முதலில் சிரித்தான். விளையாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு போனது.

"எதுக்கு?"

சொன்னேன். சோலோவுக்குப் பயந்து என்று. வெயில் என்று சொன்னது முதல்நாளிலிருந்தே பொய் என்று. அவன் பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றும் பொய், அவன் அதைக் கழுவிக்கொண்டிருந்த அன்றும் பொய். மூன்றாம் முறைக்குப் பிறகு வேண்டுமென்றேதான் தட்டவில்லை என்பதையும் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னான். திரும்பச் சொன்னேன்.

"நான் தட்டுனேன்" என்றான். "உள்ளருந்து. கதவுப் பிடி கைக்கு ஆப்பிடல. கண்ணாடியத் தட்டுனேன். கேட்டுச்சா?"

கேட்டது என்றேன்.

அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நான் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. எனக்காக ஊற்றி வைத்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டுபோய், வாஷ்பேசினில் கொட்டி, நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு மகனின் கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

"போ பிள்ள" என்றார்கள். அதே "பிள்ள"தான். வேறு குரல்.

மே 27

பள்ளியிலிருந்து நீக்கிவிட்டார்கள். துணிமணிகளைக் கட்டினேன். கேப்டனை மறுபடி வேலையில் சேர்ப்பார்கள் என்று பேசிக்கொள்கிறார்கள். வழியனுப்ப யாரும் வரவில்லை, சங்கரலிங்கம் அண்ணன் மட்டும் பஸ் ஸ்டாப்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் வந்ததும், "அன்னைக்கு நான் சும்மாதான் அந்தப் பக்கம் வந்தேன் தாயி. வேட்டிய எடுக்க வந்தேன்" என்றார்.

மே 28

அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அம்மா அழுதாள். "பயமா இருக்குன்னு எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல கண்ணு" என்றாள். அப்பா எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

ஜூன் 19

அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாளா என்று அம்மாவிடம் கேட்கிறார்.

ரெக்ஸனுக்கு ஒரு மெசேஜ் எழுதி எழுதி அழித்தேன். அவனை நலம் விசாரிப்பது போலத் தொடங்குகிறேன், கடைசியில் என் மனசு ஆறுவதற்காகத்தான் எழுதுகிறேன் என்று தெரிகிறது.

ஆகஸ்ட் 11

சங்கரலிங்கம் அண்ணனே கூப்பிட்டார். "ரெக்ஸன் தம்பிக்கு மெடிக்கல் பாஸாயிருச்சு. இன்னைக்குக் காலைல கேப்டனோட பறந்துச்சு. தெரிஞ்சா உனக்கு நிம்மதியா இருக்கும்னு சொன்னேன்."

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டானாண்ணே?"

"இல்ல தாயி. கேக்கல."

எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்று எழுதத் தொடங்கினேன். அப்படி எழுத எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. பிழைத்தது அவன்.

ஆகஸ்ட் 29

சித்தப்பா மகள் கல்யாணம், சத்தியமங்கலத்தில். வரவில்லை என்றேன். அம்மா கெஞ்சி அழைத்துப்போனாள்.

பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் அப்பா. என் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருவர், எங்கள் நடுவில் அவர் மகள், பத்தாவது படிக்கிறாளாம். சித்தப்பா பந்தியை விசாரித்துக்கொண்டே வந்தவர் என் பின்னால் நின்று தோளைத் தட்டினார். "இது எங்க அண்ணன் புள்ளைங்க. பைலட்டுக்குப் படிக்குது. நாளைக்கு நம்மளையெல்லாம் ஏத்திட்டுப் போகப் போகுது" என்றார். அந்தப் பத்தாவது படிக்கிற பெண் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

எதிரே அப்பா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டுப் பேசாமல் இரு என்பதுதான் அந்தக் குனிந்த தலைக்கு அர்த்தம். இந்த மூன்று மாதமாக அவர் யாரிடமும் சொல்லவில்லை. எனக்காகத்தான் மறைத்தார்.

"இல்லைங் சித்தப்பா. என்னை நீக்கிட்டாங்க."

"ஏன் கண்ணு, என்னாச்சு?"

"பறக்கப் பயமா இருந்துச்சுங். பயம்னு சொல்ல வெக்கப்பட்டுட்டு வெயில் ஒத்துக்கலைன்னு பொய் சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாத்தப் போய், கூடப் படிச்ச பையன் ஒருத்தன் சாகக் கெடந்தான். என்னாலதான்."

ரசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டு அம்மா மகளைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார், தெரியாமல் செய்வதுபோல. அப்பா இலையை மூடினார். சாதம் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. எழுந்து, யாரையும் பார்க்காமல் கைகழுவும் இடத்துக்குப் போனார்.

எனக்கும் எழுந்து ஓட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் இரண்டு இலை தள்ளியிருந்த ஒரு பெரியவர், சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, குனிந்து என்னைப் பார்த்து, "என்னம்மா சொன்னே?" என்றார்.

அவருக்குக் கேட்கிற மாதிரி மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.